நிலாவுக்குப் பிடிமண்

வெள்ளைக்கரட்டின் மண் நிலாவின் மண்ணைப் போலவே இருக்கிறது என்று சொல்லி விஞ்ஞானிகள் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போன வருஷத்தில், அந்த மண் தூரத்துப் பட்டணத்தில் ஒரு பெரிய கூடத்தில் பரப்பி வைக்கப்படும், அதன் மேல் நிலாவுக்குப் போகப் போகிற வண்டி உருண்டு உருண்டு நடை பழகும், பழகி முடித்தபின் ஒரு நாள் நிஜமான நிலாவில் போய் இறங்கும் என்றெல்லாம் கேள்விப்பட்ட ஊர்க்காரர்கள், இத்தனை தூரம் போகிற மண்ணை வெறுமனே அனுப்பக் கூடாது என்று கூடிப் பேசி, அதற்குப் பிடிமண் சடங்கு செய்து அனுப்பினார்கள்.

பிழைப்புக்காக வேறு ஊர் போகிற குடும்பம் குலசாமி கோயில் வாசலில் ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, போன இடத்தில் அதைப் போட்டு அதன் மேல் கோயில் எழுப்பும் வழக்கம் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் உண்டு. எடுக்கும்போது பூசாரி ஒரு வார்த்தை சொல்வார். "தாயே, இனி அங்கேயும் நீதான், இங்கேயும் நீதான், ரெண்டு எடமும் ஒரே எடம்." கரட்டாயி கோயில் பூசாரி குழந்தைவேலு கடைசி லாரிக்கு முன்னால் நின்று அதையே சொன்னார், தேங்காய் உடைத்தார், குழியிலிருந்தே ஒரு பிடி எடுத்து முடிந்த மஞ்சள் முடிச்சை நீட்டினார். விஞ்ஞானிகளில் ஒருவர், தடித்த கண்ணாடி போட்ட நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். லாரி மேடு தாண்டிப் புழுதி அடங்கியபோது, மண் எடுத்த குழி நிலாவாகிவிட்டிருந்தது.

அதை முதலில் கண்டுபிடித்தவை கோழிகள். பண்ணைக்காரர் செங்கோடனின் கோழிகள் நாலைந்து கம்பி வலைக்கு அடியில் நுழைந்து குழிக்குள் இறங்கியவை, ஒரு தத்தில் பனைமர உயரம் எழும்பி, பருந்தைப் போல நிதானமாக வட்டமடித்து இறங்கின. செங்கோடன் விளிம்பில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "தீவனத்துல என்னத்தையோ கலந்துட்டானுங்க" என்று சொல்லி அவற்றைப் பிடிக்க இறங்கினார். சரிவுப் பாதையில் பாதிக்கு மேல் போனதும், நடுப்பகல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வானம் கறுத்தது, வேட்டி தன்னால் மிதந்தது, அடுத்த அடியில் அவரும் எழும்பினார். கறுத்த வானத்தில், நிலாவைப்போல நாலு மடங்கு அகலத்தில், நீலமும் வெள்ளையுமாக ஒன்று அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

ஊர்ப் பள்ளியின் டீச்சர் வசந்தகோகிலத்தைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது பூமிங்க. நாம இருக்கற பூமி."

"நாம இங்கல்ல இருக்கறோம்?" என்றார் செங்கோடன்.

"இங்கயுந்தான்."

"அப்ப அங்க இருக்கறது யாரு?"

"நாமதாங்க."

செங்கோடன் சற்று யோசித்தார். "அப்ப இத்தன நேரமா என்ற பண்ணைய அங்க எவன் பாத்துக்கறான்?"

ஊருக்கு அது பழகிப்போக ஒரு மாதம் பிடித்தது. குழிக்குள் பதினாலு நாள் தொடர்ந்து பகலும் பதினாலு நாள் தொடர்ந்து இருட்டும் என்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் பெண்கள். அந்த நீண்ட பகலில் மிளகாயும் வடகமும் காயப் போட்டால் சாயங்காலம் அள்ள வேண்டாம், காக்கை இல்லை, காற்றில்லை, நாயில்லை. செங்கோடன் அங்கேயே ஒரு கொட்டகை போட்டு நூறு கோழிகளை விட்டார். கூண்டிலிருந்து உருண்ட முட்டைகள் இறகு இறங்குவதைப்போல இறங்கி உடையாமல் தரையில் உட்கார்ந்தன. முழங்கால் வலிக்காரர்கள் காலையில் இறங்கி மத்தியானம்வரை குதித்துவிட்டு வந்தார்கள். மூச்சு விடுவதில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. அது எப்படி என்று யாரும் கேட்கவும் இல்லை. அங்கே நின்ற இடத்திலேயே நிற்கும் பூமி தன்னைத் தானே சுற்றிச் சுற்றி நாளுக்கு ஒரு தடவை இந்தியாவைக் கொண்டுவந்து காட்டும், ஒவ்வொரு நாளும் முந்திய நாளைவிட ஐம்பது நிமிஷம் பிந்திக் காட்டும் என்று வசந்தகோகிலம் டீச்சர் கணக்குப் போட்டுச் சொன்னார். ஊருக்கு வரும் பஸ்ஸின் கண்டக்டர் அங்கமுத்து அதைக் கேட்டு, "அதுக்கு எங்க வண்டி தேவல" என்றார். இங்கே அமாவாசை என்றால் அங்கே பூமி முழுசாக ஒளிரும். ஆகவே அமாவாசைதோறும் ஊரே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு இறங்கிப் பூமி பார்த்தது. "நம்மூரு மேல மேகம் கட்டுதாட்ட இருக்குது, கொடியில துணி கெடக்குதே" என்று ஒருத்தி சரிவில் ஏறி ஓடுவாள். அவள் கொடியைத் தொடும்போது முதல் தூறல் விழும்.

தாசில்தார் வந்தார், அளந்தார், அண்ணாந்து பார்த்தார், ஒன்றும் எழுதாமல் போனார். திரும்பிப் போன அதே வாரத்தில் சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கினார் என்றும், சொந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மறுபடி சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதுகிறார் என்றும் சேதி வந்தபோது ஊர் சிரித்தது. அப்போதே பயந்திருக்க வேண்டும்.

அந்த ஊரில் தையற்காரி பாவாயிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இடுப்புக்குக் கீழே இருந்த பலத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. தம்பி நல்லசிவத்தின் வீட்டு முன்னறையில் மோட்டார் வைத்த மிஷினில் ரவிக்கை தைத்தாள். வெளியே போக, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி இருந்தது. ஒரு நாள் தம்பி மனைவி சுகந்தி காயப்போட்ட மிளகாயை விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிரேக் கம்பி அறுந்து வண்டி சரிவில் உருண்டது. மேலே நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் அலறினார்கள். வண்டியோ பாதி வழியில் வேகம் குறைந்து, ஆலிலை இறங்குவதைப்போல ஆடி ஆடி இறங்கி, அவளை மெதுவாக முன்னால் தள்ளிவிட்டது. ஐம்பது கிலோ மனுஷி அங்கே எட்டு கிலோ. எட்டு கிலோவைத் தாங்க அந்தக் கால்களுக்குத் தெரிந்திருந்தது. பாவாயி நின்றாள். பிறகு ஒரு காலைத் தூக்கி வைத்தாள். பிறகு இன்னொன்றை.

"நங்கை, கை குடுக்கட்டுங்களா?" என்று, நாத்தனாரை அந்தப் பக்கத்தில் கூப்பிடும் முறையில், மேலேயிருந்து கத்தினாள் சுகந்தி.

"வந்தீன்னா அடிப்பேன்" என்றாள் பாவாயி.

அன்றிலிருந்து பதினாலு நாள் பகலில் அவள் மிஷினில் உட்கார்ந்ததே குறைவு. கடையில் ஒரு ஜோடி செருப்பு வாங்கினாள்; ஒரு மாதத்தில் அதன் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பதைக் கண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாழ்நாளில் அவள் செருப்பு எதுவும் தேய்ந்ததில்லை, அழுக்கானதுதான் உண்டு. காற்றில்லாத அந்தப் பொடி மண்ணில் வைத்த அடி வைத்தபடியே கிடக்கும். ஊர் முழுவதின் அடிகளுக்கும் நடுவே, வலது பாதம் சற்று உள்ளே திரும்பிய தன் அடிகளை அவள் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டாள். மற்ற எல்லோரும் குழிக்குள் இறங்கியதும் அண்ணாந்து பார்த்தார்கள். பாவாயி ஒருத்திதான் மேலே பார்க்கவே இல்லை. அவளுக்குத் தன் காலைப் பார்க்கவே நேரம் போதவில்லை.

பிறகுதான் ஊருக்கு இருப்புக் கொள்ளாமல் போயிற்று.

அது சுகந்தியிடம் தொடங்கியது. அவள்தான் யாரையும்விட அதிக நேரம் அண்ணாந்து நின்றவள். ஒரு நாள் காலையில் துணிப்பையில் இரண்டு சேலையும் குழந்தையின் சட்டைகளும் எடுத்துவைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றாள்.

"எந்த ஊருக்கும்மா?" என்றார் அங்கமுத்து.

"எங்க ஊருக்குப் போகோணுங்."

"உங்க ஊரு எது?"

"வெள்ளைக்கரடு."

"இதாம்மா வெள்ளைக்கரடு."

சுகந்தி சுற்றிலும் பார்த்தாள். வேப்பமரத்தையும் டீக்கடையையும் தன் வீட்டு ஓட்டையும் பார்த்தாள். "இது இல்லீங்" என்றாள். "அது அங்க இருக்குது. நீலமா."

அடுத்த வாரம் பஸ் நிறுத்தத்தில் பன்னிரண்டு பேர். அதற்கடுத்த வாரம் ஊரில் பாதி. அங்கமுத்துவுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்: எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கடைசி நிறுத்தம்வரை போய், அதே வண்டியில் திருப்பிக் கொண்டுவந்து இறக்குவார், இறங்கும்போது "வெள்ளைக்கரடு வந்தாச்சு, ஊரு வந்தாச்சு" என்று தன் வாழ்நாளில் கூவாத ஆசையோடு கூவுவார். இறங்கியவர்களுக்கு அரைமணி நேரம் ஊர் வந்துவிட்டதுபோல இருக்கும். முகம் கழுவுவார்கள், பையைப் பிரிப்பார்கள். பிறகு மறுபடி நெஞ்சுக்குள் யாரோ பெட்டியை இழுப்பதுபோல இருக்கும், மறுபடி கட்டுவார்கள். ஊரில் எல்லோரும் அவரவர் வீட்டில் விருந்தாளிகள் ஆனார்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள், கேட்காமல் தண்ணீர் எடுக்கவில்லை, சாப்பிட்டு முடித்ததும் "நல்லா இருந்துச்சுங்க, அப்ப நாங்க கெளம்பறோம்" என்று எழுந்தார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைகள் நின்றன, விருந்துக்கு வந்த இடத்தில் யார் சண்டை போடுவார்கள். ஆனால் அடுத்தவர் வீட்டு மாட்டை விருந்தாளி எப்படிக் கறப்பது என்று யாரும் கறக்காமல் மாடுகள் மடி கட்டிக் கத்தின. ஊர்க்கூட்டம் கூடினால் ஒருவரும் வாய் திறக்கவில்லை, வெளியூர்க்காரன் பேசுவது மரியாதையில்லை என்று. பார்த்தது போதும் என்று இறங்குவதை நிறுத்தியவர்களையும் அது விடவில்லை. ஒரு தடவை பார்த்தாலே போதுமாக இருந்தது.

பாவாயி மட்டும் தன் வீட்டைத் தன் வீடு என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பு மூட்டினாள், தம்பிக்குச் சோறு போட்டாள், "தட்ட எடுத்துக் கழுவுடா, என்ன மாப்பிள்ளையாட்ட உக்காந்திருக்கற" என்று அதட்டினாள். பதினாலு நாள் பகல் வந்ததும் வண்டியைச் சுற்றிக்கொண்டு குழிக்குப் போனாள்.

சுகந்தியின் குழந்தை தமிழினிக்கு எட்டு மாதம். ஒரு மத்தியானம் சுகந்தி பஸ்ஸிலிருந்து வெறுங்கையோடு இறங்கி வந்தாள்.

"கொழந்த எங்க புள்ள?" என்றாள் பாவாயி.

"எந்தக் கொழந்தைங்க?" சுகந்தி கொஞ்சம் யோசித்தாள். "என்ற மடியில ஒண்ணு உக்காந்திருந்துச்சு. பாவம், யாரு வீட்டுதோ, அழகா இருந்துச்சு. பக்கத்துல ஒரு அம்மா இருந்தாங்க, அவங்ககிட்டக் குடுத்துட்டு எறங்கிட்டேன்."

அடுத்த நடையில் அங்கமுத்து டிக்கெட் பையைத் தோளில் தள்ளிவிட்டு, குழந்தையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். முப்பது வருஷ சர்வீஸில் குடை வந்திருக்கிறது, சாப்பாட்டுத் தூக்கு வந்திருக்கிறது, இது வந்ததில்லை என்றார்.

அன்று சாயங்காலம் பூசாரி குழந்தைவேலு கோயில் வாசலில் தலையில் அடித்துக்கொண்டார். "தப்பு எம்மேலதான். பழகறதுக்குன்னு போற மண்ணு அது. பட்டணத்துக்கு மட்டும் போற மண்ணு. அதுங்கிட்ட ரெண்டு எடமும் ஒரே எடம்னு குடிபோற வார்த்தையச் சொல்லிப்புட்டேன். அது நெலாவுக்குத்தான் போவுதுன்னு தாயி நம்பிட்டா. நெலாவுக்கே போயி உக்காந்துட்டா." கொடுத்த பிடிமண்ணைத் திருப்பி வாங்கி எடுத்த இடத்திலேயே போட்டால் எல்லாம் சரியாகும் என்றார். பட்டணத்துக்குக் கடிதம் போயிற்று. பத்தாம் நாள், தடித்த கண்ணாடிக்காரர் அதே மஞ்சள் முடிச்சை ஒரு கண்ணாடிக் குப்பியில் பத்திரமாக வைத்து அனுப்பியிருந்தார். கூடவே ஒரு சீட்டு. 'வண்டி இப்போது நன்றாக நடக்கிறது. உங்கள் அம்மனுக்கு எங்கள் நன்றி.'

பூசாரி குப்பியோடு இறங்கினார், நடுவில் அண்ணாந்தார், எதற்கு வந்தோம் என்பதை மறந்து குப்பியோடு ஏறி வந்து பஸ் எப்போது என்று கேட்டார். செங்கோடன் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். அடிவாரத்தில், ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போட்டுவிடலாம் என்று துண்டை அவிழ்த்தார். இன்னும் மூன்று பேர் போய்வந்தார்கள். கடைசியில் எல்லோரும், பெட்டியும் பையுமாக, நல்லசிவத்தின் வாசலில் வந்து மரியாதையாக நின்றார்கள்.

"அக்கா, நீங்கதான் மேல பாக்காம நடக்கறீங்க" என்றான் நல்லசிவம். ஒரே தட்டில் தின்று வளர்ந்த தம்பி அவளை நீங்க என்றான். "நீங்க போட்டா விழும்."

பாவாயி மிஷினை நிறுத்தவில்லை. "போட்டா என்ன ஆகும்?"

"குழி பழையபடி குழியாகிரும்."

"நானு?"

நல்லசிவம் கையிலிருந்த பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"சொல்லுங்க. எல்லாரும் பெரியவங்கதான நிக்கறீங்க. நானு என்ன ஆவேன்?"

"நீ எப்பவும் போல இருப்ப, அம்மிணி" என்றார் பூசாரி.

"எப்பவும் போல." பாவாயி ஊசியைத் துணியிலிருந்து எடுத்தாள். "முப்பத்தெட்டு வருஷம் நீங்கெல்லாம் நடந்தீங்க, நானு பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தரும் வந்து, அம்மிணி, நீ நடக்க என்ன பண்ணோணும்னு வாசல்ல நிக்கல. இப்ப உங்களுக்கு ஒரு இது வந்ததும் பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டீங்க. போங்க. பஸ்ஸு வந்துரும்."

அவர்கள் தலைகுனிந்து, விருந்தாளிகளுக்கே உரிய பணிவோடு, அவள் சொன்னது நியாயம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குப்பி ஜன்னலில் இருந்தது. நாலு நாள் இருந்தது. பாவாயி அந்த நாலு நாளும் குழிக்குப் போனாள், நடந்தாள், வந்தாள். அவர்கள் திரும்பி வந்து கெஞ்சியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் காலையில் உள்ளே குழந்தை வீறிட்டது. நிற்காமல் வீறிட்டது. பாவாயி தரையில் கையூன்றி நகர்ந்து போய்ப் பார்த்தாள். சுகந்தி தொட்டிலுக்கு அருகில் நின்றுகொண்டிருந்தாள், ரவிக்கை இரண்டு பக்கமும் பாலில் நனைந்திருக்க, கைகளைப் பிசைந்துகொண்டு.

"பசிக்குதுங்க போல இருக்குது அதுக்கு" என்றாள் சுகந்தி. "அவங்கம்மா எப்ப வருவாங்கன்னு தெரியலீங்களே. நாம எடுத்தா எதாச்சும் நெனச்சுக்குவாங்களா?"

பாவாயி திரும்பி ஜன்னலுக்கு நகர்ந்தாள்.

குப்பியை மடியில் கட்டிக்கொண்டு, வண்டியை விளிம்பில் விட்டு, எப்போதும்போலச் சரிவின் மேல் பாதியில் கையூன்றி நகர்ந்து அவள் குழிக்குள் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. ஊர் முழுக்க விளிம்பில் மூட்டை முடிச்சோடு நின்றது. அவள் அவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை, நடக்கத் தொடங்கினாள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு ஏக்கர்தான் இருக்கும் அந்தக் குழி, உள்ளே நடக்க நடக்க வளர்ந்துகொண்டே போனது. செங்கோடனின் கொட்டகையைத் தாண்டி, யாருடைய அடியும் படாத இடத்தைத் தாண்டி, சாம்பல் நிற மேடுகளில் ஏறி இறங்கி, வேகமாகவும் மெதுவாகவும், நேராகவும் வளைந்தும், ஒரு காலைத் தூக்கி நிறுத்தி வைத்துக்கொண்டும், கடைசியில் ஓடிக்கூடப் பார்த்தும், மனுஷர் கால் என்னவெல்லாம் செய்யுமோ அவ்வளவையும் செய்தாள். மூச்சு வாங்கியது. நடந்து நடந்து மூச்சு வாங்குவது இப்படித்தான் இருக்குமா என்று நின்றாள். மஞ்சள் முடிச்சை அவிழ்த்து மண்ணைக் கைக்குள் வைத்து மூடினாள். போட வேண்டாம் என்றுதான் இருந்தது. அப்படியே இன்னும் நடந்து போய்விடலாம், பின்னால் வர யாருக்கும் தெம்பில்லை. எதைப் பார்த்துவிட்டு இத்தனை பேரும் இப்படி ஆனார்கள், அதையும் பார்த்துவிட்டால்தான் என்ன என்று நினைத்தாள்.

அண்ணாந்தாள்.

அத்தனை கறுப்புக்கு நடுவில் அது ஈரமாக இருந்தது. அதற்கு மேல் அவளால் எதுவும் நினைக்க முடியவில்லை. அங்கே எங்கோ ஒரு முன்னறை இருந்தது, ஒரு மிஷின் இருந்தது, தைத்து முடிக்காத ரவிக்கை ஒன்று இருந்தது, நகர்ந்து நகர்ந்து தேய்ந்த சிமென்ட் தரை இருந்தது. அவள் முப்பத்தெட்டு வருஷம் வெறுத்த அத்தனையும் அங்கே இருந்தது, அங்கே போகோணும், இப்பவே போகோணும் என்று உடம்பு முழுக்க அடித்துக்கொண்டது. ஊருக்காகத்தான் அவள் அதைச் செய்தாள் என்று பின்னால் எல்லோரும் சொன்னார்கள். அப்படியில்லை. கை தானாகத் திறந்துகொண்டது.

மண் முதலில் மெதுவாக இறங்கியது, பாதியில் வேகம் பிடித்து, சொத்தென்று விழுந்தது. வானம் வெளுத்து நீலமாயிற்று. எங்கிருந்தோ காற்று வந்து பொடியைக் கிளப்பியது. கால்கள் மடங்கின.

விளிம்பில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு திரும்பி ஊரைப் பார்த்தார்கள். வேப்பமரம் அதே வேப்பமரமாக இருந்தது. "அட, நம்ம வீடு" என்றார் செங்கோடன், வெளியே வரத் தயங்கும் குரலில். அவ்வளவுதான், எல்லோரும் ஓடினார்கள். பூசாரி தன் கதவுநிலையைக் கட்டிக்கொண்டு அழுதார். பெண்கள் கேட்காமல் தண்ணீர் எடுத்துக் குடித்தார்கள், பெண்டாட்டிகள் புருஷன்களைத் திட்டினார்கள், மாடுகள் கறக்கப்பட்டன. சுகந்தி குழந்தையை அள்ளி மாரோடு வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள், அது குடிக்கக் குடிக்கக் கண்ணயர்ந்தாள். நல்லசிவம் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கட்டிலில் விழுந்தான். மாதக்கணக்கில் தூங்காத ஊர், பட்டப்பகலில் கதவுகளைச் சாத்திக்கொண்டு, தன் வீட்டில் தூங்குகிறவர்களின் தூக்கத்தைத் தூங்கியது. மத்தியானப் பஸ்ஸுக்கு யாரும் வரவில்லை. அங்கமுத்து இரண்டு தடவை ஹாரன் அடிக்கச் சொல்லிவிட்டு, காலி வண்டியோடு போனார்.

வெயில் சாயும் நேரத்தில் சுகந்தி திடுக்கிட்டு எழுந்து, முன்னறையில் மிஷின் சும்மா கிடப்பதைப் பார்த்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினாள். மூன்று சக்கர வண்டி குழியின் விளிம்பில் அப்படியே நின்றது. பாவாயி சரிவில் முக்கால்வாசி தூரம் ஏறி வந்திருந்தாள், முழங்கையாலும் உள்ளங்கையாலும் தன்னை இழுத்துக்கொண்டு. சேலை கிழிந்திருந்தது. கைகளில் தோல் இல்லை. முகமும் தலைமுடியும் வெள்ளை மண்ணாக இருந்தன.

சுகந்தி குழந்தையைத் தரையில் உட்கார வைத்துவிட்டு அருகில் விழுந்தாள். எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியாமல் அவள் முகத்தை மட்டும் துடைத்தாள், துடைத்துக்கொண்டே அழுதாள்.

"நங்கை, ஒரு சத்தம் கூப்பிட்டிருக்கலாமில்லீங்களா?"

"கூப்பிட்டேன் புள்ள" என்றாள் பாவாயி. "எல்லாரும் வீட்டுல இருந்தீங்க."